உரைகல்லில் தெரியாத ஊர்: நகை வணிகர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் நகை வணிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் வரை சங்கக் கூட்டத்தில் நான் வாய் திறந்ததில்லை. பட்டறைக்காரனுக்குப் பின் வரிசையில்தான் நாற்காலி. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நாற்பது வருடம் குமுட்டி அடுப்பின் முன் உட்கார்ந்தவனுக்குப் பேசுவதைவிடக் கேட்பதுதான் பழக்கம். ஆனால் அட்சய திருதியை விளம்பரத்துக்கு யார் எவ்வளவு போடுவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து, "சூடான் போரைப் பற்றி நம் சங்கம் ஒரு தீர்மானமாவது போட வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். "சூடான டீ வேண்டுமென்றால் சொல்லுங்கள் அண்ணா, வரச் சொல்கிறேன்" என்றார் ஒருவர். கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். நல்ல சிலேடைதான். மூத்தவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன? நமக்குச் சரக்கு ஒழுங்காக வந்தால் போதும்."

அவர் சொன்ன அந்தச் 'சரக்கு' எங்கிருந்து வருகிறது என்பதற்காகத்தான் இந்த மடல். கூட்டத்தில் இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

2023 மே மாதக் கடைசியில் செல்வபுரத்திலுள்ள என் பட்டறைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து வைத்து, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வாங்கி உரைகல்லில் இழுத்தேன். கோடு நம் 916 கோடு போல இல்லை, கொஞ்சம் வெளிறியிருந்தது. பதினெட்டுக்கு மேல், இருபத்திரண்டுக்குக் கீழ். பக்கத்துக் கடையிலிருந்த இயந்திரத்தில் வைத்தால் 87.5 என்று காட்டியது. இருபத்தோரு காரட். நம்மூரில் யாரும் அந்தத் தரத்தில் நகை செய்வதில்லை. "எங்கே வாங்கினீர்கள்?" என்றேன். "ஓம்துர்மான்" என்றார்.

சூடானின் தலைநகரான கார்ட்டூமுக்கு நைல் நதியின் எதிர்க்கரையில் இருக்கிற ஊர் அது. அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தவர். போர் தொடங்கிய 2023 ஏப்ரல் 15 காலையில் சத்தம் கேட்டு, ஏதோ கல்யாண வெடி என்று நினைத்தாராம். பத்து நாள் குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாக இல்லாமல் அறைக்குள் கிடந்துவிட்டு, பஸ்ஸில் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போர்ட் சூடான் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கடற்படைக் கப்பலில் ஜெத்தா, ஜெத்தாவிலிருந்து விமானத்தில் இந்தியா. நம் அரசு 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து 3,862 பேரை அப்படிக் கொண்டுவந்ததே, அவர்களில் ஒருவர். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் போனையும் பணத்தையும் பிடுங்கியிருக்கிறார்கள். மோதிரத்தை மட்டும் அரைஞாண் கயிற்றில் முடிந்து காப்பாற்றிவிட்டார்.

நான்கு கிராம் இருநூறு மில்லி. விலை கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே மற்றப் பழைய தங்கத்தோடு சேர்த்து மூசையில் போட்டு, வெங்காரம் தூவி உருக்கிவிட்டேன். அது எந்தப் பெண்ணின் கழுத்தில், எந்தக் குழந்தையின் காதில் இருக்கிறதென்று இன்று என்னாலேயே சொல்ல முடியாது. உருகிய பொன்னுக்கு ஊர் கிடையாது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த தொழில் உண்மை. நானூறு மைல் தாண்டினாலும் நாலாயிரம் மைல் தாண்டினாலும் மூசைக்குள் எல்லாம் ஒன்றுதான்.

அந்த மோதிரம் வந்த பிறகுதான் சூடான் செய்திகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அது ஏதோ ஆப்பிரிக்கப் பழங்குடிச் சண்டை என்ற எண்ணம் போய்விட்டது. முதலில் கண்ணில் பட்டது நம் தொழில்தான்.

2011இல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய்க் கிணறுகளில் முக்கால் பங்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கஜானா காலி. அடுத்த ஆண்டே நாட்டின் மேற்கிலுள்ள வடக்கு டார்ஃபூர் மாநிலத்தில் ஜபல் ஆமிர் என்ற மலையில் பொன் கிடைத்தது. ஊரே கடப்பாரையோடு அங்கே போயிற்று. இன்றைக்கும் அந்த நாட்டில் பொன் தோண்டுவது பெரும்பாலும் கம்பெனிகள் இல்லை. கையால் தோண்டும் கூலிகள், பத்து லட்சத்துக்கும் மேல். கல்லைப் பொடித்து, தண்ணீரில் அலசி, பாதரசம் விட்டுப் பொன் துகளைப் பிடித்து, பிறகு பாதரசத்தைச் சுட்டு ஆவியாக்கிப் பொன்னை மட்டும் எடுக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நம் பட்டறை வாசல் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் கூட்டிக்கொண்டு போய் அரித்து, இதே பாதரசத்தில் இதே வேலையைச் செய்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்கள் கைவிரல் நடுங்குவதையும் பார்த்திருக்கிறோம்.

ஒட்டக வியாபாரியாக இருந்து படைத்தலைவரான முகமது ஹம்தான் டகாலோ, எல்லோரும் ஹெமெட்டி என்று அழைப்பவர், 2017இல் அந்த மலையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அவர் நடத்தும் ஆர்.எஸ்.எஃப். (துரித ஆதரவுப் படை) என்ற துணை ராணுவப் படை, 2003 முதல் டார்ஃபூர் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. மலையின் பொன் அவர் படையைப் பெருக்கியது. 2021 அக்டோபரில் அவரும் ராணுவத் தளபதி அப்தெல் ஃபத்தா அல் புர்ஹானும் சேர்ந்துதான் ஆட்சியைப் பிடித்தார்கள். 2023 ஏப்ரலில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு கோடிப் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு ஓடியிருக்கிறார்கள். மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் கடும் பசியில் இருக்கிறார்கள்.

ராணுவம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பக்கமும் இதே பொன்னை விற்றுத்தான் குண்டு வாங்குகிறார்கள். தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2024இல் மட்டும் 64 டன் எடுத்ததாக அவர்களே பெருமையாக அறிவித்தார்கள். ஊரெல்லாம் பட்டினி கிடக்கிற ஆண்டில் 64 டன்! கடத்தலில் போனது இந்தக் கணக்கில் வராது.

எல் ஃபாஷர் என்ற ஊரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். வடக்கு டார்ஃபூரின் தலைநகர். இந்தப் பெயர் நம் பக்கத்துக்கு முதலில் வந்தது 2023 ஏப்ரலில். மூலிகை எண்ணெய் விற்கப் போயிருந்த கர்நாடகத்து ஹக்கிபிக்கி மக்கள் சுமார் முப்பது பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள் என்ற செய்தியில். அவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். ஊரை நாம் மறந்துவிட்டோம்.

2024 மே மாதம் ஆர்.எஸ்.எஃப். அந்த ஊரைச் சுற்றி வளைத்தது. ஜூன் 13 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை, முற்றுகையை நிறுத்து என்று 2736 எண்ணிட்ட தீர்மானத்தை நிறைவேற்றியது. முற்றுகை அதன் பிறகும் பதினாறு மாதம் நீடித்தது. ஊரைச் சுற்றி மண்ணைக் குவித்துக் கரை எழுப்பினார்கள். ஏறித் தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். ஊருக்குத் தெற்கே இருந்த ஜம்ஜம் அகதி முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த முகாமையே அடித்து நொறுக்கினார்கள்.

உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் தெரியுமா? அம்பாஸ். கடலை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு செக்கில் மிஞ்சுகிற சக்கை. கடலைப் புண்ணாக்கு. நாம் மாட்டுக்கு ஊற வைத்துக் கொடுப்போமே, அதேதான். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குழந்தைகளுக்கு ஊற்றினார்கள். தெருவுக்குத் தெரு இளைஞர்கள் சேர்ந்து நம்மூர்க் கஞ்சித் தொட்டி போலப் பொதுச் சமையல் நடத்தினார்கள். அவசர உதவி அறைகள் என்று நாடு முழுதும் இயங்கும் அந்த அமைப்புக்கு 2025இல் ரைட் லைவ்லிஹுட் விருதுகூடக் கொடுத்தார்கள். ஆனால் எல் ஃபாஷரில் தானியம் தீர்ந்து, பிறகு அம்பாஸும் தீர்ந்து, தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அட்சய பாத்திரம் பற்றி விளம்பரத்தில் படம் போடுகிறவர்கள் நாம், அதனால் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 26 அன்று ஊர் விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அங்கிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களை ஆராய்கிறவர்கள், மனித உடல் அளவில் குவியல்களையும் தரையில் நிறம் மாறிய திட்டுக்களையும் வானத்திலிருந்தே அடையாளம் காட்டினார்கள். கொன்றவர்களே போனில் படம் பிடித்துப் போட்டார்கள். தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

வானத்திலிருந்து படம் எடுத்தும் ஒன்றும் நடக்காத கதை நமக்குப் புதிது இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அந்த மணல்திட்டின் படங்களும் வந்தன. அப்போது நாமும் கடையடைத்தோம், ஊர்வலம் போனோம், உலகத்துக்குக் கண் இல்லையா என்று கேட்டோம். தன் கடமையில் தவறியதாக ஐ.நா.வே மூன்று வருடம் கழித்து 2012இல் உள்ளறிக்கை வெளியிட்டது. அன்று நாம் 'உலகம்' என்று யாரைச் சொன்னோமோ, அந்தக் கூட்டத்தில் எல் ஃபாஷர்க்காரனின் கண்ணுக்கு நாமும் நிற்கிறோம். இதை நான் நீட்டி எழுதப் போவதில்லை. உங்களில் பலர் அன்று என் பக்கத்தில் நடந்தவர்கள்.

இப்போது சரக்குக்கு வருகிறேன். சூடானில் எடுக்கிற பொன்னில் பெரும்பகுதி, நேர்வழியோ கள்ளவழியோ, ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஆர்.எஸ்.எஃப். செய்வது இனப்படுகொலை என்று சொல்லி ஹெமெட்டி மீது தடை விதித்தபோது, அமீரகத்திலிருந்து இயங்கிய ஏழு நிறுவனங்களின் மீதும் தடை விதித்தது. தான் அந்தப் படைக்கு ஆயுதம் கொடுப்பதில்லை என்று அமீரகம் திரும்பத் திரும்ப மறுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பொன் அங்கே போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நாம் ஆண்டுக்கு 700, 800 டன் இறக்குமதி செய்கிற நாடு. ஸ்விட்சர்லாந்துக்கு அடுத்தபடியாக நமக்கு அதிகம் வருவது அமீரகத்திலிருந்துதான். 2022 மே முதல் அமலில் இருக்கும் ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 200 டன் வரை அங்கிருந்து வரும் தங்கத்துக்கு இறக்குமதி வரியில் ஒரு சதவீதப் புள்ளி சலுகை. அந்தச் சலுகை வந்தபோது நம் சங்கம் பொதுக்குழுவில் நன்றித் தீர்மானம் போட்டது. ஆக, வெளிநாட்டு விவகாரத்தில் தீர்மானம் போடும் பழக்கம் நமக்கு இல்லாமல் இல்லை!

உங்கள் கடையில் இருப்பது சூடான் தங்கம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. என் வருத்தம் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான். கட்டித் தங்க வியாபாரி ஒருவரிடம் போன வாரம் ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த ஊர்ச் சுரங்கம்?" என்று கேட்டேன். முத்திரையைக் காட்டினார். அது உருக்கி அச்சுக் குத்தியவனின் பெயர். தோண்டிய ஊர் எது என்று மறுபடி கேட்டேன். "ஏண்ணா, கல்யாணம் பேசப் போகிறீர்களா, பூர்வீகம் விசாரிக்க?" என்றார்.

2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து அடையாள எண் இல்லாத நகையை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. கார்ட்டூமில் முதல் குண்டு விழுந்தது சரியாக இரண்டு வாரம் கழித்து. அந்த எண்ணை எதிர்த்து நாம் எத்தனை கூட்டம் போட்டோம், என்னவெல்லாம் பேசினோம்! இன்று வாடிக்கையாளர் தம் போனில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கடை, எந்த முத்திரை மையம், என்ன தரம் எல்லாம் வருகிறது. ஒரு சின்ன மோதிரத்துக்கே பிறப்புச் சான்றிதழ் எழுதக் கற்றுக்கொண்டோம். பிறந்த ஊர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டோம்.

முடியாது என்பீர்கள். வைரத்தில் முடிந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் போர்களுக்குப் பணம் கொடுத்த வைரங்களைத் தடுக்க 2003இல் கிம்பர்லி சான்று முறை வந்தது. நம் நாடும் அதில் உறுப்பினர், சூரத் அதன்படிதான் பட்டை தீட்டுகிறது. அதில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆனால் பட்டை தீட்டாத வைரத்தைச் சான்றில்லாமல் எல்லை தாண்டி அனுப்ப முடியாது என்ற விதி இருக்கிறது. தங்கத்துக்கு அந்த அளவும் இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இளைஞர் ஒருவர் நியாயமாகவே கேட்டார்: உக்ரைன், காசா, மியான்மர் என்று உலகத்தில் எத்தனையோ போர், எல்லாவற்றுக்கும் நாம் அழ முடியுமா? முடியாது தம்பி. எனக்கும் அத்தனை கண்ணீர் கிடையாது. ஒரு குடிமகன் எல்லாத் துயரத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தால் சாயங்காலத்துக்குள் ஒன்றுக்கும் உதவாமல் படுத்துவிடுவான். நான் கேட்பது சின்னது. எந்தச் சண்டையில் நம் கை படுகிறதோ, அதைத் தெரிந்துகொள். ஆசிரியருக்கு வேறொன்று இருக்கும், மருந்துக் கடைக்காரருக்கு வேறொன்று. நமக்கு இது. சவரன் லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று நாம் கவலைப்படுகிறோம். விலை ஏற ஏற, மலையைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சண்டையை நிறுத்தக் காரணமே இல்லாமல் போகிறது.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது, பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று ஒரே உத்தரவில் நம் குமுட்டிகள் அணைந்தன. என் தாத்தா ஊதாங்குழலைப் பரணில் போட்டுவிட்டு மில் வாசலில் போய் நின்றார். எத்தனை பொற்கொல்லர்கள் விஷம் குடித்தார்கள் என்பதை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பொன் ஒரு வீட்டின் சோற்றை எப்படி நிறுத்தும் என்பதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் சங்கத்தின் முன் வைக்கிறேன். சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கட்டி வாங்கும்போது, சுத்திகரித்தவர் யார், அவருக்குப் பொன் வந்த நாடுகள் எவை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பார்; மறுத்ததையும் எழுதி வையுங்கள். பத்துச் சங்கம் கேட்டால் மேலே இருப்பவன் பதில் தயார் செய்தாக வேண்டும். தோண்டிய நாட்டின் பெயர் இறக்குமதிக் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று வணிக அமைச்சகத்துக்கு மனு அனுப்புங்கள். நன்றித் தீர்மானம் அனுப்பிய அதே முகவரிதான். விளம்பரத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பக்கச் செலவை மிச்சம் பிடித்து, ஐ.நா. உலக உணவுத் திட்டத்துக்குச் சூடான் பெயரில் அனுப்பினால் நம் வியாபாரம் படுத்துவிடாது.

ஒன்றும் செய்ய விருப்பமில்லை என்றால், இந்த மடலைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்தாவது விடுங்கள். டீ சூடாகவே வரட்டும்.

மோதிரம் விற்றவர் போன தீபாவளிக்கு முன்பு மறுபடி வந்தார். இப்போது வேறு வேலை, கையில் கொஞ்சம் காசு. அந்த மோதிரம் இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதை வாங்கும்போது கூட வந்து பேரம் பேசிக் கொடுத்தவர் உடன் வேலை செய்த சூடான்காரராம். ஒரு வருடமாக அவர் எண்ணுக்கு அழைத்தால் மணியே அடிப்பதில்லையாம். உருக்கிவிட்டேன் என்று சொன்னேன். எதில் போயிற்று என்று கேட்டார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன். தேதி, 4.200, 875, பழைய தங்கம் என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு மேல் எழுத என் புத்தகத்தில் பத்தி இல்லை. இந்த மாதம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தலைப்பு: ஊர்.

இப்படிக்கு,
பின் வரிசைப் பொற்கொல்லன் ஒருவன்,
செல்வபுரம், கோயம்புத்தூர்.